கடவுள் மீது கோபம் வந்தால்

ஆசிரியருக்கு,

முதுமையில் நோய் வந்தால் பக்தி தானாகக் கூடும் என்று நினைக்கிறோம். புற்றுநோய் என்று தெரிந்ததும், நாள் தவறாமல் பிரார்த்தித்த என் அப்பா, பிரார்த்தனைப் புத்தகத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "அவன் என்னைக் கைவிட்டுட்டான்டா" என்றார். "அப்படிச் சொல்லாதீங்கப்பா" என்று வாயை அடைத்தோம். அது இன்றும் உறுத்துகிறது.

அமெரிக்காவில், 55 வயதைத் தொட்ட அல்லது தாண்டிய 596 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் கவனித்து, உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் குழு 2001-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கடவுள் கைவிட்டதாகக் குமைந்தவர்களிடம் இறப்பு அபாயம் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. (நோயில் நம்பிக்கை இன்னும் உறுதிப்படுபவர்களும் உண்டு.) உலக சுகாதார நிறுவனமும் வலித்தணிப்புச் சிகிச்சையில் ஆன்மிகத் துயரைச் சேர்த்தே சொல்கிறது. வலி எவ்வளவு என்று கேட்கும் மருத்துவர்கள் இதையும் கேட்கட்டும். பெரியவர் புலம்பினால், வீட்டார் குறுக்கிடாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

ஒரு வாசகர்