செயலாளரின் ஆண்டறிக்கை 2024–2025: தெருக் கேமராக்களும் அவற்றின் மின்சாரமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நகர்வாழ் பெரியோர்களே, சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

பூங்கா பராமரிப்பு, கொசு மருந்து அடித்தல், பொங்கல் விழா ஆகியவை வழக்கம்போல் நடைபெற்றன; வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். இவ்வாண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி தெருக் கேமராக்களுக்குத் தடையின்றி மின்சாரம் கொடுப்பதிலேயே சென்றதால், இவ்வறிக்கையை அதற்கே ஒதுக்குகிறேன்.

சென்னை மாநகரக் காவல்துறையின் ‘மூன்றாவது கண்’ திட்டத்தைத் தொடர்ந்து நாமும் 14 கேமராக்களைப் பொருத்தினோம். நல்ல கேமராவாகத் தேடித் தேர்ந்தெடுத்த குழுவில் நானும் ஒருவன். ஆனால் அவற்றுக்கு மின்சாரம் எங்கிருந்து, எந்த வழியாக வரும் என்று எங்களில் ஒருவரும் அன்று கேட்கவில்லை. அருகிலுள்ள வீட்டிலிருந்து ஓர் அடாப்டர் வழியாக இணைப்புக் கொடுத்தால் போதும் என்று விட்டுவிட்டோம்.

அதன் விளைவு ஆகஸ்டில் தெரிந்தது. மூன்றாம் தெருவில் தனியாக வசிக்கும் ஓர் அம்மாவின் தண்ணீர் மோட்டார் இரவில் களவு போனது. காவலர்கள் பதிவைக் கேட்டபோது, மாலை 7 மணிக்குப் பிறகு அந்தக் கேமரா நின்று நின்று மீண்டும் இயங்கியதும், உருப்படியான காட்சி ஒன்றுகூட இல்லாததும் தெரியவந்தன. கேமராதான் பழுது என்று நினைத்தோம். மின்பொறியாளரான நம் உறுப்பினர் ஒருவர் ஏணியில் ஏறி மீட்டர் வைத்துப் பார்த்தபோது, அடாப்டரில் 12 வோல்ட்டாக இருந்த மின்னழுத்தம் கேமராவின் முனையில் பகலில் 10 ஆகவும், இருட்டியதும் 8-க்கும் கீழாகவும் இருந்தது. இணைப்புக் கொடுத்தவர் நெட்வொர்க் கேபிளில் மீதமிருந்த ஒரு ஜோடி மெல்லிய கம்பியில் 50 மீட்டர் தூரத்துக்கு 12 வோல்ட்டை அனுப்பியிருந்தார். இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியதும் கேமரா கூடுதல் மின்சாரம் இழுக்கிறது. அந்த நேரத்தில் மின்னழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு கம்பியிலேயே போய்விடுகிறது. பகலில் வந்து சோதித்தவர்களுக்குக் குறையே தெரியாததற்கும் இதுவே காரணம். அந்த அம்மாவிடம் சங்கத்தின் சார்பில் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தோம்.

வீட்டு இணைப்பில் வேறு சிக்கலும் இருந்தது. 5 வாட் எடுக்கும் கேமரா இரண்டு மாதத்துக்கு 7 யூனிட்டுக்குச் சற்று அதிகமாகவே செலவழிக்கும் என்றாலும், 500 யூனிட் எல்லையை ஒட்டி நிற்கும் குடும்பத்துக்கு அதைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். மேலும் ஊருக்குப் போகும் குடும்பங்கள் முன்னெச்சரிக்கையாக மெயினை அணைத்துவிட்டுச் செல்வதால், வீடு பூட்டியிருக்கும் நாட்களில்தான் அந்த வீட்டு வாசல் கேமராவும் அணைந்து கிடந்தது. தெருவிளக்குக் கம்பத்திலிருந்து எடுக்கலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. அது சட்டப்படி தவறு, அதோடு அந்தத் தெருவிளக்கு இணைப்பில் பகலில் மின்சாரமும் இருக்காது.

எனவே செப்டம்பரில் எல்லா இணைப்புகளையும் பி.ஓ.இ. (Power over Ethernet), அதாவது காட்சிப் பதிவும் மின்சாரமும் ஒரே நெட்வொர்க் கேபிளில் செல்லும் முறைக்கு மாற்றினோம். நம் கேமராக்களில் அவ்வசதி முதலிலிருந்தே இருந்தது, நாம்தான் பயன்படுத்தவில்லை. இம்முறையில் நெட்வொர்க் கேபிளிலேயே ஏறத்தாழ 48 வோல்ட் செல்கிறது. அழுத்தம் கூடும்போது அதே வாட்டுக்குக் குறைந்த ஆம்பியரே போதும் என்பதால், அதே 50 மீட்டரில் இழப்பு அரை வோல்ட் அளவுக்குக் குறைந்துவிட்டது. ஒரு கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதால் சங்க அலுவலகத்தில் ஒன்றும் பூங்காவில் ஒன்றுமாக கேமராக் கேபிள்கள் வந்து சேரும், அவற்றுக்கு மின்சாரமும் கொடுக்கும் இரு நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டிகள் வைத்து, இடையே மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழையாலான ஃபைபர் கேபிள் இழுத்தோம். இடி மின்னலின்போது ஒரு பெட்டியில் திடீரென ஏறும் மிகை மின்னழுத்தம் அந்தக் கேபிள் வழியே மற்றொன்றுக்குப் போகாது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிளில் மின்னழுத்த இழப்பு கூடும் என்பதால் அதை மறுத்து, முழுச் செம்புக் கேபிளையே வாங்கினோம். விலை கூடுதல்தான், அதில் மிச்சம் பிடித்திருக்கலாம் என்ற உறுப்பினர்களின் கருத்தை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை.

மின்தடைக்கு இரு பெட்டிகளிலும் இன்வெர்ட்டர் உண்டு. அலுவலகத்தில் 8 கேமராக்கள், பதிவுக் கருவி, ரவுட்டர் எல்லாம் சேர்ந்து சுமார் 90 வாட். 150 ஆம்பியர்-மணி பேட்டரி இழப்புகள் போக 12 மணி நேரம் தாங்கும். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நம் பகுதியில் மதியமே மின்சாரம் நின்றது. நள்ளிரவு வரை 14 கேமராக்களும் பதிவு செய்தன. அதன்பின் பேட்டரி தீர்ந்துவிட்டது என்பதையும் மறைக்காமல் பதிவு செய்கிறேன்.

எல்லாவற்றையும் சூரிய ஒளிக்கு மாற்றலாம் என்று சிலர் கேட்டனர். கம்பி போக முடியாத ஏரிக்கரை முனையில் மட்டும் கூடுதலாக அப்படி ஒன்றை வைத்துப் பார்த்தோம். மின்சாரத்தைச் சேமிக்க அது உறங்கியிருந்து, அசைவை உணர்ந்த பிறகே விழிப்பதால் முதல் சில நொடிகள் பதிவாவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் தொடர்ந்து மேகமூட்டமாக இருந்ததால் பேட்டரியைக் கழற்றி வீட்டில் சார்ஜ் செய்ய நேர்ந்தது. வேப்பமரக் கிளையின் நிழல் விலகும்படி பேனலைத் தெற்கு நோக்கித் திருப்பியபின் முன்னேற்றம் தெரிகிறது.

வரும் ஆண்டில் அலுவலகத்துக்கு இரண்டாவது பேட்டரி வாங்கவும், புரட்டாசி முடிவதற்குள் ஆண்டுதோறும் எர்த் இணைப்பையும் ஜங்ஷன் பெட்டிகளின் ரப்பர் வளையங்களையும் இரவு நேர மின்னழுத்தத்தையும் சோதிக்க மூவர் குழு அமைக்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்