167 ஆட்டங்கள், அதில் 3: லாத்வியாவின் அஸ்தாஃப்யெவ்ஸுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள விதாலீஸ் அஸ்தாஃப்யெவ்ஸ் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பாவில் தன் நாட்டுக்காக அதிக கால்பந்து ஆட்டங்கள் ஆடியவர்களின் பட்டியலில் உங்கள் பெயரைப் பார்த்த நண்பர் ஒருவர், "யாருப்பா இது? சின்ன நாடு, வேற ஆள் கிடைச்சிருக்க மாட்டாங்க, அதான் இவ்வளவு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரிக்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். அவருக்கே எழுதியிருக்கலாம், அவர் படிக்கமாட்டார். நீங்களும் படிக்கப்போவதில்லைதான். ஆனாலும் உங்களிடம் சொல்வது முறையாகப் படுகிறது.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. லாத்வியா சோவியத் யூனியனிலிருந்து பிரிந்து மீண்டும் சுதந்திர நாடானபோது உங்களுக்கு 20 வயது. 1992-ல் தேசிய அணி மறுபடி களமிறங்கியது, அந்த ஆண்டே நீங்களும் உள்ளே வந்துவிட்டீர்கள். ஐஸ் ஹாக்கி என்றால் உயிரை விடும் நாடு, மக்கள்தொகை கால் கோடியைத் தாண்டாது. கால்பந்தில் தேர்ந்தவர்கள் ஒரு கைப்பிடிதான். அந்தப் பட்டியலில் உங்களுக்கு முன் முதலிடத்தில் இருந்தவர் யார்? பக்கத்து எஸ்டோனியாவின் மார்ட்டின் ரைம். அவரும் நடுகள ஆட்டக்காரர், அவர் நாடும் அதே சமயத்தில் அணியைத் திரும்பக் கட்டியது. ஆக, இது தற்செயல் இல்லை. புதிதாக ஆரம்பிக்கும் சின்ன அணியில் முதல் நாளிலேயே இடம் பிடித்துக் கடைசிவரை நகராமல் இருந்தால் எண்ணிக்கை ஏறும்.

அந்த "கடைசிவரை நகராமல்" என்பதில்தான் நண்பரோடு நான் முரண்படுகிறேன். உங்களைத் தேர்ந்தெடுத்தது ஒரே கோச் இல்லையே. கிலிஸ், ஜார்ஜியாவிலிருந்து வந்த ஜொஜுவாஷ்விலி, இங்கிலாந்துக்காரரான கேரி ஜான்சன், ஸ்தார்கோவ்ஸ், அந்த்ரேயெவ்ஸ், மறுபடி ஸ்தார்கோவ்ஸ். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஆட்டமுறை, ஒவ்வொரு கோபம். எல்லாரும் அணிப் பட்டியல் எழுதும்போது உங்கள் பெயரையும் எழுதினார்கள். வேறு ஆள் இல்லை என்பதற்காக ஒருவரை 18 வருடம் வைத்துக்கொண்டிருக்கமாட்டார்கள்.

உங்கள் கிளப் வாழ்க்கையைப் பார்த்தால் பெரிய மினுமினுப்பு இல்லை. மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. தலைநகர் ரீகாவின் ஸ்கோன்டோ அப்போது லாத்வியாவில் அசைக்கமுடியாத அணி. 1991-லிருந்து 2004 வரை 14 முறை தொடர்ந்து சாம்பியன். லீக் ஆரம்பிக்கும் முன்பே முடிவு தெரிந்த மாதிரிதான். நடுவில் வியன்னாவில் ஆஸ்திரியா வீன். 2000-த்தின் தொடக்கத்தில் பிரிஸ்டல் ரோவர்ஸ். உங்கள் தேசிய அணியின் ஸ்தெபனோவ்ஸ் ஆர்சனலிலும் பஹார்ஸ் சவுத்தாம்ப்டனிலும் இருந்த காலத்தில் நீங்கள் இங்கிலாந்தின் மூன்றாம் அடுக்கில். 2001-ல் அந்த அணி நான்காம் அடுக்குக்கு இறங்கியது, நீங்களும் கூடவே இறங்கினீர்கள். அங்கிருந்து ஆஸ்திரியாவின் அட்மிரா வாக்கர், பிறகு ரஷ்யாவின் ரூபின் கஸான், அப்புறம் திரும்ப ரீகா.

பிரிஸ்டலின் நான்காம் அடுக்கு மைதானத்தில் சனிக்கிழமை ஆடிவிட்டு, சில நாள் கழித்து நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்வீடனையோ போலந்தையோ எதிர்கொள்வது என்ன மாதிரி அனுபவம்? இதை யாரும் உங்களிடம் சரியாகக் கேட்டிருப்பார்களா என்று தெரியவில்லை.

சரி, 2003-க்கு வருகிறேன். யூரோ (ஐரோப்பியக் கோப்பை) தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் ஸ்வீடனை அவர்கள் மண்ணிலேயே 1-0 என்று ஜெயித்தீர்கள். அடுத்து பிளே-ஆஃப், ரீகாவில் ஒன்றும் இஸ்தான்புல்லில் ஒன்றுமாக இரண்டு ஆட்டம். எதிரே துருக்கி. அதற்கு முந்தைய வருடம்தான் உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த துருக்கி! ரீகாவில் உங்கள் முன்கள வீரர் வெர்பகோவ்ஸ்கிஸ் அடித்த கோலில் 1-0. நவம்பர் 19, இஸ்தான்புல். 64-வது நிமிடத்தில் ஹகான் ஷுகூர் அடித்ததும் துருக்கி 2-0. கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். இரண்டே நிமிடத்தில் லைசான்ஸ் ஒரு ஃப்ரீ கிக்கை வலைக்குள் அனுப்பினார். 77-வது நிமிடத்தில் வெர்பகோவ்ஸ்கிஸ். 2-2. இரண்டு ஆட்டமும் சேர்த்து 3-2, நீங்கள் யூரோவுக்குள். எஸ்டோனியா, லாத்வியா, லிதுவேனியா என்ற மூன்று பால்டிக் நாடுகளில் இன்றுவரை யூரோவிலோ உலகக் கோப்பையிலோ ஆடிய ஒரே நாடு லாத்வியாதான்.

கோல் அடித்தவர்கள் பெயரைத்தான் நானும் எழுதியிருக்கிறேன், பாருங்கள். நடுகளத்தில் ஆடுபவரின் தலையெழுத்து அது. கல்யாண வீட்டில் சமையல்கட்டுக்கும் பந்திக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கும் பெரியப்பா எந்த போட்டோவிலும் இருக்கமாட்டார்.

2004 யூரோ நடந்த போர்ச்சுகலில் செக் அணிக்கு எதிராக 73-வது நிமிடம் வரை முன்னிலையில் இருந்து 1-2 என்று தோற்றீர்கள். நெட்வெட், பரோஷ் ஆடிய அந்தச் செக் அணியிடம் தோற்றதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நான் மறக்காதது ஜூன் 19, போர்ட்டோ. இந்திய நேரப்படி இரவு ஒன்பதரை மணி ஆட்டம். எதிரே ஜெர்மனி: பாலாக், கோல்கீப்பர் கான், உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரை போன கூட்டம். 33 வயதில் நீங்கள் கேப்டன். அன்று நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்கள் நான்கு பேர் நடுவரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனி பந்தை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று உருட்டிக்கொண்டே இருந்தது. வரிசை மொத்தமாக நாலடி இந்தப் பக்கம், நாலடி அந்தப் பக்கம். யாரும் அவசரப்பட்டுப் பந்தைத் துரத்தி ஓடவில்லை. ஓடினால் பின்னால் ஓட்டை விழும், அங்கே பாலாக் வந்து நிற்பார். டிவியில் பார்ப்பவருக்கு இது சலிப்பு. எனக்கு அன்று சலிக்கவில்லை. பந்து கிடைத்ததும் முன்னால் வெர்பகோவ்ஸ்கிஸுக்கு. முதல் பாதியில் ஒருமுறை அவர் தனியாகப் பந்தை ஓட்டிக்கொண்டு கான் வரைக்கும் போய்விட்டார். 0-0. அடுத்து நெதர்லாந்திடம் 0-3, ஊர் திரும்பினீர்கள். ஜெர்மனியும்தான் முதல் சுற்றோடு திரும்பியது, கோச் ஃபோலர் பதவி விலகினார். அதில் உங்கள் டிராவுக்கும் பங்கு உண்டு.

இன்னொரு விஷயம். லாத்வியாவின் சிறந்த கால்பந்து வீரர் விருது உங்களுக்கு 1995, 1996 இரண்டு வருடமும் கிடைத்தது. அடுத்தது 2007-ல், உங்கள் 36 வயதில். 2009-ல் ரைமைத் தாண்டினீர்கள். 2010 நவம்பரில் சீனாவின் குன்மிங்கில் கடைசி ஆட்டம், 39 வயது. மொத்தம் 167. அந்த எண்ணை 2016-ல் தொட்டவர் ஸ்பெயினின் இக்கெர் காசியாஸ். அவரும் சரியாக 167-ல் நின்றுவிட்டார். பிறகு புஃபோன் தாண்டினார், ராமோஸ் தாண்டினார், ரொனால்டோ எங்கேயோ போய்விட்டார்.

காசியாஸின் 167-ல் ஒரு உலகக் கோப்பையும் இரண்டு யூரோவும் இருக்கின்றன. உங்கள் 167-ல் பெரிய தொடர் என்று சொல்ல அந்த 3 ஆட்டங்கள்தான். மீதி 164-ம் தகுதிச் சுற்று, நட்பு ஆட்டம், பால்டிக் கோப்பை. பெரும்பாலும் எங்கும் போய்ச் சேராத தகுதிச் சுற்றுகள் என்று தெரிந்தும் அடுத்த அழைப்புக்கு வந்து நின்றீர்கள். நண்பருக்கு எண்ணிக்கை மட்டும்தான் தெரிந்தது. எனக்கு இந்த 164 பெரிதாகத் தெரிகிறது.

கடைசியாக ஒரு கேள்வி, கேப்டனிடம் மட்டும்தான் கேட்க முடியும். ஜெர்மனியோடு ஆடிய ஆட்டத்தில் பெனால்டி ஏரியாவுக்குள் வெர்பகோவ்ஸ்கிஸ் விழுந்தபோது ரெஃப்ரி மைக் ரைலி விசில் ஊதவில்லை. எங்கள் வீட்டில் அது பெனால்டிதான் என்று தீர்ப்பாகிவிட்டது. நீங்கள் அவரிடம் போய் ஏதாவது சொன்னீர்களா?

அன்புடன்,
உங்கள் ஆட்டத்தை டிவியில் மட்டும் பார்த்தவன்