88ஆம் திருப்பாடலைப் படி, மகளே

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி எல்லாரும் சுகம். போனில் பேசலாம்தான், ஆனால் நீ மூன்று வாரமாக "டியூட்டி இருக்கும்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய், நானும் உன் குரலைக் கேட்டவுடன் சாப்பிட்டியா என்பதற்கு மேல் வாய் வராமல் நின்றுவிடுகிறேன். அதனால் தம்பியிடம்கூடக் கொடுக்காமல் நானே ஒவ்வொரு எழுத்தாக இதை அடிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவளே நீதான்.

இந்தத் தடவையும் கரு தங்கவில்லை என்று மாப்பிள்ளை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

வெந்நீரிலேயே குளி. ஏசிக் காற்று நேரே படுகிற இடத்தில் படுக்காதே. குழம்புக்குப் பூண்டும் மிளகும் தாராளமாகப் போடு. கனமான எதையும் தூக்காதே, வார்டில் ஆளைத் திருப்பிப் படுக்கவைக்கிற வேலையை ஒரு மாதத்துக்கு வேறு யாரையாவது பார்க்கச் சொல். நீ நர்ஸ், உனக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்கிறேன்.

ஊர்ச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் போகிறது, நீ வந்தால் ராமநாதபுரத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டாம். வாடை பிடித்துவிட்டது, அப்பா தென்கடல் பக்கம்தான் போய்வருகிறார். பெரியம்மா உன்னைப் பற்றிக் கேட்டாள், நல்லா இருக்கா என்று சொல்லிவிட்டேன்.

இந்த மூன்று வாரமும் எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. அதனால் நம் வீட்டு விவிலியத்தை எடுத்துத் திருப்பாடல் 150ஐயும் முதலிலிருந்து வரிசையாகப் படித்தேன். முன்பெல்லாம் எனக்கு 23, 91, 121 மூன்றும்தான், பயம் வந்தால் அந்த மூன்றில் ஒன்று, சந்தோஷம் வந்தாலும் அதில் ஒன்று. வரிசையாகப் படித்தபோதுதான் உள்ளே எவ்வளவு அழுகை இருக்கிறது என்று தெரிந்தது. எபிரேய மொழியில் இந்தப் புத்தகத்துக்குப் புகழ்ச்சிகள் என்றுதான் பெயராம், சாமி ஒரு தடவை பிரசங்கத்தில் சொன்னார். புகழ்ச்சிகள் என்று பெயர் வைத்துவிட்டு இத்தனை அழுகையையும் உள்ளே விட்டுவைத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

13ஆம் பாட்டு இருக்கிற பக்கம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ ஆறாவது படிக்கும்போது என் விரலைப் பிடித்து வரி மேல் வைத்து நகர்த்துவாய். அன்றைக்குக் கடலில் பாசி எடுத்துவிட்டு வந்த கை, பாறை கிழித்து, உப்புத் தண்ணீரில் ஊறித் தடித்துப்போயிருந்தது, அந்த மெல்லிசுத் தாளில் நகம் மாட்டிக் கிழிந்துவிட்டது. நீ செலோடேப் போட்டு ஒட்டினாய். டேப் மஞ்சளாகிவிட்டது, ஆனாலும் அதற்கு அடியில் எழுத்து தெரிகிறது. எத்தனை நாள், எத்தனை நாள் என்று நான்கு தடவை ஆண்டவரைக் கேட்கிற பாட்டு அது. மொத்தமே ஆறு வசனம். நான்காவது வரைக்கும் இதே கேள்வியும் மன்றாட்டும்தான், ஐந்தாவதில் உம் பேரன்பை நம்பியிருக்கிறேன் என்கிறான், ஆறாவதில் பாடுகிறான். நடுவில் என்ன நடந்தது என்று எழுதவே இல்லை. ஒரு ராத்திரி போயிற்றா, ஒரு வருஷம் போயிற்றா, யாருக்கும் தெரியாது. நான் இத்தனை வருஷமாக அந்த நான்கு வசனத்தையும் வேகமாகத் தாண்டி ஐந்தாவதுக்கு ஓடினவள். உன்னையும் அப்படியே இழுத்துக்கொண்டு ஓடினேன்.

130 உனக்கு நன்றாகத் தெரியும், அடக்கப் பூசையில் நீ எத்தனை தடவை பாடியிருப்பாய். அம்மாச்சியின் பழைய புத்தகத்தில் அது 129, அதனால் அவளும் நீயும் எண்ணுக்குச் சண்டை போடுவீர்கள். நம் புத்தகத்தில் ஆழ்ந்த துயரத்தில் என்று இருக்கிறது, மூலத்தில் ஆழங்களிலிருந்து என்றுதான் இருக்கிறதாம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூச்சை அடக்கி இறங்கி, ஒரு பிடி பாசியோடு மேலே வந்து தலையைத் தூக்குகிற நேரத்தில் பெண்களுக்கெல்லாம் ஒரு சத்தம் வரும், நீ வல்லத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாய். அது செபம் மாதிரியும் இருக்காது, பேச்சு மாதிரியும் இருக்காது, மூச்சு மட்டும்தான். இந்தப் பாட்டின் முதல் வரி எனக்கு அப்படித்தான் கேட்கிறது. அப்புறம் விடியலுக்காகக் காத்திருக்கும் காவலர் என்று வரும், அது மட்டும் இரண்டு தடவை வரும். ஒரு தடவை சொன்னால் போதாதா என்று உன்னிடம் கேட்டேன், "காத்திருக்கவங்களுக்கு அப்படித்தாம்மா இருக்கும், கரையில நிக்கிற உனக்குத் தெரியாதா" என்றாய். பன்னிரண்டு வயசுப் பிள்ளை சொன்னது. அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அப்படிப்பட்ட பிள்ளை மூன்று வாரம் அம்மாவிடம் பேசாமல் இருக்கலாமா? நம் தெருவிலிருந்து நர்ஸ் படிக்கப் போன முதல் பிள்ளை நீ, தோகாவில் அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்கு ஊசி போட்டுத் தைரியம் சொல்கிறாய், உனக்கு ஒன்று என்றால் எங்களிடம் சொல்ல வேண்டாமா? சரி, அதை விடு. நான் கோபமாக எழுதவில்லை. பூண்டு நிறையப் போடு. ராத்திரி டியூட்டி கேட்டு வாங்காதே.

வெள்ளிக்கிழமை பூசைக்குப் போனாயா என்றும் இனிமேல் கேட்க மாட்டேன்.

88ஐ மட்டும் படி. சின்னப் பாட்டு, 18 வசனம். மற்ற அழுகைப் பாட்டு அநேகமாக எங்காவது ஒரு இடத்தில் திரும்பிவிடும், கடைசியில் ஒரு நன்றியோ ஒரு நம்பிக்கையோ வந்துவிடும். இது திரும்பவே திரும்பாது. ராவும் பகலும் கூப்பிட்டேன் என்கிறான், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்கிறான், இருட்டு என்று சொல்லி முடித்துவிடுகிறான், அவ்வளவுதான். அதற்கு அடுத்த 89இன் கடைசியில் ஆமென் என்று இரண்டு தடவை வருகிறது, 88இல் அதுவும் இல்லை. ஆனாலும் எத்தனையோ தலைமுறையாக ஒருவரும் அதைக் கிழித்துப் போடவில்லை. அவன் செபம் பண்ணாததால் இப்படி ஆயிற்று என்று அந்தப் பாட்டில் ஒரு சொல் இல்லை மகளே. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தடவை பார்த்தேன், இல்லை. சிலுவையில் தொங்கும்போது ஏன் என்னைக் கைவிட்டீர் என்று ஆண்டவர் சொன்னாரே, அதுவும் 22ஆம் பாட்டின் முதல் வரிதான். அவரே கேட்டதை நீ கேட்டால் என்ன தப்பு?

போன வருஷம் முதல் தடவை ஆனபோது நான் உன்னிடம் சொன்னதைச் சொல்லியே ஆக வேண்டும். ஓரியூருக்கு வருவதாக அருளானந்தருக்கு நேர்ந்துவிட்டு, போகாமல் விமானம் ஏறினாயே, அதுதான் இப்படி ஆயிற்று என்றேன். சொன்னது நான்தான், அம்மா. நீ ஒன்றும் பேசவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். லைன் போகவில்லை, உன் அடுப்பில் குக்கர் விசில் அடித்தது எனக்குக் கேட்டது. அதற்கு அப்புறமும் நான் நிறுத்தாமல், செபமாலையைக் கைவிடாதே, ஆண்டவரைப் புகழு, எல்லாம் சரியாகும் என்று சொல்லிக்கொண்டே போனேன். 1693இல் ஓரியூர் மணலில் தலையைக் கொடுத்தவர், ஒரு பஸ் பயணம் பாக்கி இருக்கிறது என்று என் மகள் வயிற்றில் கை வைப்பாரா? யோசிக்காமல் சொன்னேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, ஏனென்றால் அந்தச் சொல் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

உனக்கு முன்னால் ஒன்று இருந்தது. அப்பாவுக்கும் அப்பத்தாவுக்கும் மட்டும்தான் தெரியும். நான்கு மாதம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் பாசிக்குப் போனியே, அதான் என்று அப்பத்தா சொன்னாள், நான் பாயை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. அப்பத்தாவோடு ஏம்மா நீ முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிற என்று நீ எத்தனை தடவை கேட்டிருக்கிறாய், இதுதான். அவள் சாகும்வரை அதை மன்னிக்காமல் வைத்திருந்தேன், கடைசியில் அவள் சொன்னதையே எடுத்து உன் மேல் போட்டேன். உன் அப்பா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டார். எனக்கு அவரிடம் படிக்கத் தெரியவில்லை.

56ஆம் பாட்டில், என் கண்ணீரை உம் தோற்பையில் சேர்த்து வைத்திருக்கிறீர் என்று ஒரு வரி இருக்கிறது. கண்ணீரைத் துடைத்துப் போடுகிறவர் என்று நினைத்திருந்தேன், சேர்த்து வைக்கிறவராம். என்னுடையதும் அதில் இருக்கும், உன்னுடைய இரண்டு தடவையும் இருக்கும்.

தாய் வயிற்றில் உருவாக்கினீர் என்று வருகிற 139ஐ இப்போது திறக்காதே. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

136 இருக்கிறதே, நீ ஸ்டூல் மேல் நின்று மைக்கைப் பிடித்துப் பாடுவாயே, 26 வசனம், ஒவ்வொன்றுக்கும் கோயில் முழுக்க "என்றும் உள்ளது அவரது பேரன்பு" என்று பதில் சொல்லும். வெள்ளிக்கிழமை உங்கள் நேரம் ஆறு மணிக்கு, இங்கே எட்டரை, நான் கூப்பிடுகிறேன். நீ பேச வேண்டாம், அழுதாலும் சரி, போனை மேசை மேல் வைத்துவிட்டு அடுப்பு வேலையைப் பார்த்தாலும் சரி. வரியையும் நானே படிக்கிறேன், பதிலையும் நானே சொல்கிறேன். எடுத்து வை, அது போதும்.

தலைக்கு ஊற்றினால் ஈரத்தோடு இருக்காதே, நன்றாகத் துவட்டு. மாப்பிள்ளை பாவம், அவரும் சாப்பிட்டாரா என்று பார்.

அம்மா