நீ பார்க்கச் சொன்ன படம்

அன்புள்ள யாழினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ இருக்கிற லாஸ் ஏஞ்சலஸில் நடக்கும் கதை என்று நீ சொன்ன 'க்ராஷ்' படத்தை நானும் அப்பாவும் பார்த்துவிட்டோம். "இதைப் பாரும்மா, இந்த ஊர் எப்படின்னு புரியும்" என்று சொல்லிப் போனை வைத்தவள்தான் நீ. அதற்கப்புறம் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் மட்டும்தான் வருகிறது. சரி, படத்தைப் பற்றியே பேசுவோம்.

எனக்கு ஏமாற்றம்தான். 'மில்லியன் டாலர் பேபி'க்குத் திரைக்கதை எழுதிய பால் ஹாகிஸ் இயக்கிய படம். 2006 ஆஸ்கரில் சிறந்த படம், திரைக்கதை, படத்தொகுப்பு என்று மூன்று விருது வாங்கியது. நடிப்பில் ஒருவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் காட்சியிலேயே, மோதி நிற்கும் காருக்குள்ளிருந்து டான் சீடில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். லாஸ் ஏஞ்சலஸில் யாரும் யாரையும் தொடுவதில்லை, தகரத்துக்கும் கண்ணாடிக்கும் பின்னால் இருக்கிறோம், அந்த ஏக்கத்தில்தான் மோதிக்கொள்கிறோம் என்கிறார். படத்தின் கருத்து அங்கேயே முடிந்தது. மிச்ச நேரமெல்லாம் அதற்கு உதாரணம் காட்டுகிறார்கள்.

படம் எடுப்பதற்கு முன்னால் காட்சிகளை ஸ்டோரிபோர்டாக வரைகிறவள் நீ, கட்டமைப்பைப் பார். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கெட்ட முகம், ஒரு நல்ல முகம். மாட் டில்லன் போலீஸ்காரர். ராத்திரியில் ஒரு காரை நிறுத்தி, சோதனை என்ற பேரில் புருஷன் கண்முன்னே மனைவியிடம் அத்துமீறுகிறார். மறுநாள் அதே பெண் கவிழ்ந்த காருக்குள் மாட்டிக்கொள்ள, தீப்பிடிக்கும் முன் இழுத்துக் காப்பாற்றுவதும் அவரேதான். அவரோடு வேலை பார்க்கப் பிடிக்காமல் விலகிப்போன இளம் போலீஸ்காரன், நல்ல பையன், கடைசியில் ஒருவனைச் சுடுகிறான். இரண்டு ஜோடி இப்படி வந்ததும் பார்க்கிறவர்கள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்புறம் சாண்ட்ரா புல்லக் மாடிப்படியில் விழுந்து வேலைக்காரம்மாவைக் கட்டிக்கொள்ளும்போது நமக்கு ஒன்றுமே ஆவதில்லை. நாற்பது லட்சம் பேர் இருக்கிற ஊரில் இந்தப் பத்துப் பதினைந்து பேர் மட்டும் இரண்டே நாளில் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறார்கள். தற்செயல் கதையில் முடிச்சுப் போடலாம். முடிச்சை அவிழ்க்கும் வேலையையும் அதனிடமே கொடுத்தால், பாத்திரம் தானாக எடுத்த முடிவு என்று எதுவும் மிஞ்சாது.

போலீஸ் என்றதும் ஞாபகம் வந்தது. உன் வண்டியை நிறுத்தினால் வலது ஓரமாக நிறுத்து, எஞ்சினை அணை, இருட்டாக இருந்தால் உள்விளக்கைப் போடு. இரண்டு கையும் ஸ்டீயரிங் மேலேயே இருக்கட்டும். லைசென்ஸ் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எடு. மல்லிகா அத்தை பையன் விஷயம் உனக்குத் தெரியும்தானே.

படத்தில் எனக்குச் சுத்தமாக ஒத்துக்கொள்ளாதது, எல்லாரும் தங்கள் இனவெறுப்பை வாய்விட்டுச் சொல்வது. கடையில், ரோட்டில், ஆபீஸில், கண்டதும் வசவுதான். பார்க்கிறவன் "நான் இப்படியெல்லாம் பேசமாட்டேன்" என்று நிம்மதியாக எழுந்து போய்விடுவான். நிஜத்தில் யார் இப்படிப் பேசுகிறார்கள்? கார்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார்கள். உன் பெயரை இரண்டு தடவை கேட்டுவிட்டு மூன்றாவது தடவை கேட்காமல் விட்டுவிடுவார்கள். அதை எந்த வசனமும் தொடாது, முகத்தில் நாலு நொடி கூடுதலாக ஷாட்டை நிறுத்தினால்தான் வரும்.

நல்லதும் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கும் மகளிடம், பூட்டு ரிப்பேர் பார்க்கும் அப்பா தரையில் படுத்துப் பேசுகிறாரே, அந்தக் காட்சி. ஒரு தேவதை தனக்குக் கொடுத்த, குண்டு துளைக்காத, கண்ணுக்குத் தெரியாத போர்வையைக் கழற்றி அவள் கழுத்தில் முடிச்சுப் போட்டுவிடுகிறார். வெறும் விரல்கள்தான், துணி ஒன்றும் இல்லை. ஒரு போதனையும் இல்லை. தன் கடை சூறையாடப்பட்டதற்கு இவர்தான் காரணம் என்று நினைக்கும் கடைக்காரர் வீட்டு வாசலில் துப்பாக்கியோடு வரும்போது அந்தக் குழந்தை அப்பாவைக் காப்பாற்ற ஓடிவருவது அதிலிருந்துதான் முளைக்கிறது. தோட்டா வெறும் சத்தத் தோட்டா என்பதையும் முன்னாடியே சிவப்புப் பெட்டியில் விதைத்துவிட்டார்கள். நல்ல எழுத்து. ஆனால் அந்த இடத்தில் மற்ற சத்தத்தை அடக்கிவிட்டு ஸ்லோமோஷனும் இசையும் போட்டு நிரப்பிவிட்டார்கள். வெடிச்சத்தத்தையும் அப்பாவின் அலறலையும் அப்படியே வைத்துக்கொண்டு, இசையை மட்டும் நீக்கியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது. கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் பனி வேறு பெய்கிறது.

அந்த இளம் போலீஸ்காரன் ஒருவனைச் சுடும் காட்சியில் உன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அவன் காரில் லிஃப்ட் கேட்டு ஏறியவன், தன்னிடம் இருப்பதைக் காட்டப் பாக்கெட்டில் கைவிடுகிறான். காரில் இருந்த அதே கிறிஸ்டோபர் சிலைதான், பயணிகளைக் காக்கும் புனிதர். அதற்குள் போலீஸ்காரன் சுட்டுவிட்டான். அதனால்தான் திரும்பச் சொல்கிறேன், கையைப் பைக்குள் விடாதே, ஸ்டீயரிங் மேலேயே வை. போன் எடுக்கக்கூட விடாதே.

உன் பெயர் டைட்டிலில் வந்ததைத் தெருவில் எல்லோரிடமும் காட்டியாயிற்று. அப்பா அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறார். அவ்வளவு பெரிய வேலை பார்க்கிறவளுக்குப் பெற்றவளிடம் பத்து நிமிஷம் பேச முடியவில்லை. சின்ன வயசில் பஸ்ஸில் ஒருவன் முறைத்தால்கூட வந்து சொல்வாய்.

எனக்குத் திரும்பத் திரும்ப வருவது அந்தச் சோதனைக்குப் பிறகு நடக்கும் சண்டைதான். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெண் புருஷனைப் பார்த்து, ஏன் பேசாமல் நின்றாய் என்று கத்துகிறாளே, அது. அவன் பதில் எவ்வளவு மட்டமாக இருந்தாலும், கத்துவதற்கு வீட்டில் ஓர் ஆள் இருக்கிறது. உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? போன மாசம் "ரோட்டுல ஒருத்தன்" என்று ஆரம்பித்து, சாம்பார்ப் பொடி வந்துவிட்டதா என்று பேச்சை மாற்றினாய். நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பதிலாகப் படம் பார்க்கச் சொல்லாதே, அந்தப் படத்தில் நீ இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை எட்டு மணிக்குக் கூப்பிடு, அப்பா தூங்கியிருப்பார், நான் மட்டும் இருப்பேன். நீ எதுவும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, பாத்திரம் கழுவிக்கொண்டே லைனில் இரு. வண்டியின் ரிஜிஸ்ட்ரேஷனும் இன்சூரன்ஸும் டிராயரின் அடியில் கிடக்க வேண்டாம், தேடாமல் எடுக்கிற மாதிரி மேலேயே வை.

அம்மா