ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பும் சாட்சிகள்

அன்புள்ள தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. வாடகை வழக்குகளே போதும் என்று சிவில் பக்கம் ஒதுங்கியவள், "அரசுத் தரப்பில் நின்று தோற்கும்போது உனக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறாய். அதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு வரப்புத் தகராறு. புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1-க்கு முந்தைய சம்பவம் என்பதால் இன்னும் பழைய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி.யின் 324தான், ஆயுதத்தால் காயப்படுத்தியது. (இரண்டு எண் வரிசையையும் மண்டையில் சுமந்துகொண்டு திரிகிறோம். நமக்கெல்லாம் 302 என்றால் கொலை. புதுச் சட்டத்தில் கொலை 103-க்குப் போய்விட்டது. 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு.) அரிவாள் வெட்டு. தையல் போட்ட தழும்பு சட்டைக் கைக்குக் கீழே தெரிகிறது. அந்தக் கையைக் கூண்டில் ஊன்றிக்கொண்டே அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சியான வெட்டுப்பட்டவரே, "இருட்டில் கம்பி வேலியில் விழுந்துட்டேங்க, யாரும் வெட்டலை" என்றார். அ.சா.2 அவர் மனைவி. அன்றைக்கு அவர் ஊரிலேயே இல்லையாம். பிறழ் சாட்சியாக, அதாவது முன்பு சொன்னதிலிருந்து மாறியவராக, கருத அனுமதி வாங்கி, போலீஸில் சொன்னதை வரி வரியாகப் படித்துக் கேட்டேன். ஒவ்வொரு வரிக்கும் "அப்படிச் சொல்லலைங்கம்மா" என்ற ஒரே பதில். போலீஸ் வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது, முரண்பாடு காட்ட மட்டும்தான் அது உதவும் என்பது உனக்கு நினைவிருக்கும். சாயங்காலம் பார்த்தால் இரு தரப்பும் ஒரே பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், பை அ.சா.2-இன் கையில்.

பணம் கைமாறியிருக்கும் என்று கோர்ட்டில் எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 324-ஐ ராஜி செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலிலிருந்து 2009-இல் எடுத்துவிட்டார்கள். சமாதானம் ஆகிவிட்டது, வழக்கை முடித்துக்கொடுங்கள் என்று கேட்டால் இங்கே நடக்காது. உயர் நீதிமன்றம் போய் ரத்து செய்ய வேண்டும். ராஜியாகாத குற்றத்தையும் சமரசத்தின் பேரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று கியான் சிங் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் இருக்கிறது. ஆனால் அன்றாடம் கூலிக்குப் போகிறவருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகுமா? "நான் பார்க்கலை" என்று சொல்வதற்குச் செலவே இல்லை. சட்டம் மூடிவைத்த ராஜியை ஊர் கூண்டில் வைத்தே முடித்துக்கொள்கிறது. அடுத்த தண்ணீர் முறைக்கு அதே வாய்க்காலில் அடுத்தடுத்து நிற்கப்போகிறவர்கள். இதில் விடுதலை ஆனால் எனக்குத் தூக்கம் கெடுவதில்லை. வழக்கு நடத்துபவரின் வேலை எப்படியாவது தண்டனை வாங்குவதல்ல என்று 1999-இல் சிவகுமார் வழக்கில் சொன்னார்களே, அதை நான் அப்படியே நம்புகிறேன்.

ஆனால் இதே "சமாதானம்" வேறு வீட்டிலும் நடக்கிறது. பாதிக்கப்பட்டது ஒரு சிறுமி, எதிரி நிலம் உள்ளவர், அப்பா அவர் தோட்டத்திலேயே வேலை பார்க்கிறவர் என்றால் அதற்குப் பெயர் மிரட்டல். இரண்டிலும் சாட்சி பேசும் வார்த்தை ஒன்றுதான். வித்தியாசத்தை ஆளைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அப்படிச் சந்தேகம் வந்தால் 2018-ஆம் ஆண்டின் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனுப் போடச் சொல்லிவிடுவேன். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு முடிவு செய்யும். ஆனால் மிரட்டல் உண்டா என்று அறிக்கை தர வேண்டியது போலீஸ். அந்தப் போலீஸ்காரர் விசாரிக்கத் தெருவுக்குள் நுழைந்ததுமே ஊருக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிடும். நகரத்தை மனதில் வைத்து எழுதிய திட்டம் என்றுதான் எனக்குப் படுகிறது.

எனக்குக் கோபம் வருவது சாட்சிகள் மேல் அல்ல, போலீஸ் தரும் கேஸ் கட்டின் மேல். பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் மகஜரில் மரப்பிடி அரிவாள், கோர்ட்டுக்கு வந்தது இரும்புப் பிடி. மகஜர் சாட்சிகள் இரண்டு பேரும் "ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டேன்" என்கிறார்கள். சாட்சி மாறினாலும் அவர் சொன்னது அத்தனையும் அழிந்துவிடாது, வேறு ஆதாரம் தாங்கினால் நிற்கும் என்று 1976-இலேயே தீர்ப்பு இருக்கிறது. தாங்க ஏதாவது இருந்தால்தானே? சில வழக்குகளில் மிஞ்சுவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் டூட்டி டாக்டர் அவசரமாகக் கிறுக்கிய "தெரிந்த ஒரு நபர் அரிவாளால்" என்ற ஒரு வரிதான். சம்பவம் நடந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில், யாரும் யாரையும் பார்த்துப் பேசாத நேரத்தில் எழுதியது அது. கட்டு வந்ததும் நான் முதலில் புரட்டுவது அதைத்தான்.

புதுச் சட்டத்தில் சோதனை, கைப்பற்றுதல் எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும். பத்து ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள வழக்குகளில் போலீஸ் அழைத்துவரும் சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் பதிவு செய்தாக வேண்டும். இதனால் மகஜர் பொய்கள் குறையும் என்று நம்புகிறேன். வரப்பு வழக்குகளில் ஒன்றும் மாறாது.

அப்புறம், உன் ஜூனியர் ஏ.பி.பி. (அரசு உதவி வழக்கறிஞர்) தேர்வு எழுதலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக எழுதட்டும். சட்டம் அவளுக்குத் தெரியும். அதற்கு முன் ஒரு வாரம் இங்கே வந்து என் பக்கத்தில் உட்காரட்டும், கோடை விடுமுறைக்கு முன்பே வந்தால் நல்லது. தங்க என் வீடு இருக்கிறது. தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்.

அன்புடன்,
உன் தோழி