பாதியில் மூடிய கிணறு: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள குமரன்,

போன வாரம் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது, "கிணறு வெட்டுற வரைக்கும் பிரமாதம். அப்புறம் ஆள் பாடம் நடத்த ஆரம்பிச்சுட்டார்" என்றீர்கள். நீங்கள் அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் முதல் பகுதி முடிகிற இடத்தில் இன்னும் இருக்கிறது. டீக்கடையில் நின்றபடி இதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு வருவதில்லை, அதனால்தான் கடிதம். முடிவையும் சொல்லித்தான் ஆக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

துருக்கி எழுத்தாளர் ஓர்ஹான் பாமுக்கின் 'சிவப்புக் கூந்தல் பெண்' நாவலில் கிணற்றுப் பகுதிதான் உச்சம் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. 1980களின் நடுவில், இஸ்தான்புல்லுக்கு வெளியே ஓன்கோரென் என்ற சிற்றூர். அரசியலில் இறங்கிய மருந்துக்கடைக்கார அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். கல்லூரிக்குப் பணம் சேர்க்க, பதினாறு பதினேழு வயது ஜெம் ஒரு கிணறு வெட்டுபவரிடம் கையாளாகச் சேர்கிறான். மஹ்மூத் உஸ்தா. உஸ்தா என்றால் நம்மூர் மேஸ்திரி மாதிரிதான், ஆனால் அதில் கொஞ்சம் குருவும் உண்டு. அவர் கீழே மண்ணைத் தோண்டுவார், மேலே இருப்பவன் ராட்டினத்தைச் சுற்றி வாளியை ஏற்றுவான். கீழே இருப்பவர் உயிர் மேலே இருப்பவன் கையில். வேறு எந்த உவமையும் வேண்டாம், அப்பா-பிள்ளை உறவே இந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

இது பாமுக் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த காட்சி அல்ல. 1980களின் கடைசியில் இன்னொரு நாவலை முடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மனையில் ஒரு கிழவரும் பையனும் கிணறு வெட்டுவதைப் பார்த்திருக்கிறார். பகலெல்லாம் திட்டு, சாயங்காலம் பரிவு. தன் அப்பாவிடம் கிடைக்காத ஒன்றை அங்கே பார்த்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஏறக்குறைய முப்பது வருடம் அதை உள்ளே வைத்திருந்து, 2016இல்தான் நாவலாக்கினார்.

இப்போது உங்கள் குறைக்கு வருகிறேன். பாடம் எங்கே தொடங்குகிறது என்று நினைக்கிறீர்கள்? இரண்டாம் பகுதியில் இல்லை, கிணற்றடியிலேயே தொடங்கிவிட்டது. ராத்திரியில் உஸ்தா கதை சொல்கிறார். ஒருநாள் உன் கதை ஒன்றைச் சொல் என்கிறார். ஜெம்முக்குத் தெரிந்தது, புத்தகக் கடையில் வேலை பார்த்தபோது படித்த கிரேக்க ஈடிபஸ் கதையின் சுருக்கம். அப்பாவைக் கொன்று அம்மாவை மணந்தவன் கதை. அப்பா மாதிரி பார்த்துக்கொள்கிற மனிதரிடம் போய் அதைச் சொல்கிறான். சும்மா சொல்லவில்லை, கொஞ்சம் சீண்டத்தான் சொல்கிறான். உஸ்தாவுக்கும் அது பிடிக்கவில்லை. அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ராட்டினத்தில் கை வைப்பதற்கு முன்பே பையன் உஸ்தாவைக் கதையால் ஒருமுறை அடித்துவிட்டான். பிறகு நிறைந்த வாளி நழுவி விழுகிறது, கீழேயிருந்து ஒரு அலறல், அப்புறம் சத்தமே இல்லை. ஜெம் ஊரை விட்டு ஓடுகிறான். நீங்கள் புத்தகத்தை மூடியதும் இங்கேதான்.

அதற்குப் பிறகு அவன் நிலவியல் படித்து, காண்ட்ராக்டர் ஆகி, பணக்காரன் ஆகிறான். இஸ்தான்புல்லில் 1980இல் சுமார் 47 லட்சம் பேர், 2016இல் ஒன்றரைக் கோடியை நெருங்கிவிட்டது. அந்த வீக்கத்தில் ஓன்கோரெனும் விழுங்கப்படுகிறது, விழுங்குகிறவர்களில் ஜெம்மும் ஒருவன். அவனுக்கும் மனைவி அய்ஷேவுக்கும் குழந்தை இல்லை. கம்பெனிக்கு சுஹ்ராப் என்று பெயர் வைத்துப் பிள்ளை மாதிரி வளர்க்கிறார்கள். ஊர் ஊராகப் போய் ஈடிபஸ், சுஹ்ராப் கதைகளின் பழைய ஓவியங்களையும் ஓலைகள் போல நொறுங்கும் கையெழுத்துப் பிரதிகளையும் தேடுகிறார்கள். இந்தப் பக்கங்கள் நீளம், ஒப்புக்கொள்கிறேன். கிழக்கில் அப்பா பிள்ளையைக் கொல்கிறான், மேற்கில் பிள்ளை அப்பாவைக் கொல்கிறான் என்று ஒரு வாய்ப்பாடு போடுகிறாரே, அது எனக்கும் ஒட்டவில்லை. ஆனால் ஜெம் படிப்பது இலக்கிய ருசிக்காக அல்ல. தன் மேல் யாருமே போடாத கொலை வழக்குக்குத் தானே சாட்சி தேடுகிறான். அதனால்தான் அந்த நடை அவ்வளவு வறட்டுத்தனமாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. வேடிக்கை என்னவென்றால், உஸ்தா சாகவே இல்லை. தோள் முறிந்ததோடு சரி. பிறகு அந்தக் கிணற்றில் தண்ணீரும் கண்டார். ஜெம்முக்கு அது தெரிய வரும்போது வாழ்க்கையில் பெரும்பகுதி போய்விட்டது.

சுஹ்ராப் கதை உங்களுக்குத் தெரியும்தானே? ஃபிர்தௌசி 1010இல் முடித்த பாரசீகக் காவியம் ஷாநாமாவில் வருவது. மாவீரன் ருஸ்தம் சமங்கானில் தஹ்மினாவோடு ஓர் இரவு தங்கி, பிறக்கப்போகும் குழந்தைக்கு ஓர் அடையாளத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறான். வருடங்கள் கழித்துப் போர்க்களத்தில் யாரென்று தெரியாமலே மகனை வயிற்றைக் கிழித்துச் சாய்க்கிறான். கையில் அந்த அடையாளத்தைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. மன்னன் காவூஸிடம் இருக்கும் நோஷ்தாரு என்ற மருந்து பிள்ளையைக் காப்பாற்றும். மன்னன் கொடுக்கவில்லை. 'சுஹ்ராப் செத்த பிறகு நோஷ்தாரு' என்பது இன்றைக்கும் பாரசீகத்தில் பழமொழி.

எனக்கு உடனே மகாபாரதத்தில் அர்ஜுனனின் மகன் பப்ருவாகனன் ஞாபகம் வந்தான். அசுவமேதக் குதிரையோடு வரும் அர்ஜுனனைப் பிள்ளை பணிவோடு வரவேற்கிறான். சண்டைக்கு வராமல் கும்பிடுகிறாயே, நீயெல்லாம் வீரனா என்று அப்பாதான் ஏசுகிறார். அர்ஜுனனின் நாக மனைவி உலூபியும் தூண்டிவிடுகிறாள், அப்பா விழுகிறார். ஆனால் உலூபியிடம் செத்தவரை எழுப்பும் நாகமணி இருக்கிறது, அர்ஜுனன் தூங்கி எழுந்தவன் போல எழுந்துகொள்கிறான். நம் கதையில் மருந்து நேரத்துக்கு வந்துவிடுகிறது. ஜெம்மின் அப்பாவுடைய மருந்துக்கடைக்கு என்ன பெயர் தெரியுமா? ஹயாத். உயிர், வாழ்க்கை என்று அர்த்தம். பிள்ளைக்குத் தேவைப்பட்ட நேரத்தில் மருந்துக்கடைக்காரர்தான் இல்லை.

இனி முடிவு. ஓன்கோரெனில் கூடார நாடகம் போட்ட சிவப்புக் கூந்தல் பெண் குல்ஜிஹானோடு ஜெம் கழித்த அந்த ஒற்றை இரவுக்கு ஒரு மகன். பெயர் அன்வர். இத்தனை கதை படித்தவன், இத்தனை ஓவியம் பார்த்தவன், கையில் துப்பாக்கியோடு அதே கிணற்றடிக்கு மகனோடு போகிறான். குண்டு பாய்வது அப்பாவின் கண்ணில். ஈடிபஸ் தன் கண்ணைத் தானே குத்திக்கொண்டான், இங்கே குருடாகிறவன் அப்பா. கதை தெரிந்ததால் ஜெம் தப்பிக்கவில்லை. கதை தெரிந்த பயத்தில் துப்பாக்கி கொண்டுபோகாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பானோ என்னவோ.

நீங்கள் பாடம் என்று சொன்னதையெல்லாம் மூன்றாம் பகுதி ஒரு தட்டு தட்டிக் கவிழ்க்கிறது. அது சின்னது, குல்ஜிஹானே பேசுகிறாள். ஈடிபஸின் அம்மா யோகாஸ்தா தூக்கில் தொங்குவாள், தஹ்மினா அழுது அழுது செத்துப்போவாள், அந்தக் கதைகளில் அம்மாவுக்கு அவ்வளவுதான் இடம். கூடாரத்தில் தஹ்மினாவாக அழுது காட்டியவள் இவள்தான். ஜெம்முடைய அப்பாவும் ஒரு காலத்தில் அவளைக் காதலித்தவர். சிவப்புக் கூந்தல்கூடப் பிறவியில் வந்ததல்ல, அவளே தேர்ந்தெடுத்துப் பூசிக்கொண்ட சாயம். ஆண்கள் மூன்று தலைமுறையாக ஒருவரையொருவர் தேடியும் ஓடியும் கொன்றும் கொண்டிருக்க, சிறையில் இருக்கும் மகனிடம் இதையெல்லாம் எழுது, உன் அப்பா சொல்வது போல எழுது என்கிறாள். அப்படியென்றால் முதல் பக்கத்திலிருந்து 'நான், நான்' என்று பேசியது யார்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2006இல் நோபல் ஏற்புரையில் பாமுக் பேசியது அப்பாவின் பெட்டியைப் பற்றி. அப்பா தான் எழுதியவற்றையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு மகனிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். மகனுக்குத் திறக்கவே பயம். நன்றாக இல்லாமல் போய்விடுமோ என்பதைவிட, நன்றாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதே பெரிய பயம். அப்பாவை எழுத்தாளராக ஏற்க முடியாத மகன், பத்து வருடம் கழித்து, அப்பாவின் குரலில் எழுதும் மகனை உண்டாக்குகிறார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வருவேன். புத்தகத்தைக் கொண்டு வருகிறேன். பஸ் டிக்கெட்டை நான் எடுக்கவில்லை, அங்கேயேதான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் நண்பன்