327 கி.மீ. தூரத்தை 929 என்று காட்டும் உங்கள் செயலி

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உட்கியாக்விக் – டெட்ஹார்ஸ் தூரத்திலும் பறக்கும் நேரத்திலும் பிழை, திருத்தம் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். அலாஸ்காவின் வடகரையில் இருக்கும் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே உங்கள் செயலி காட்டும் தூரம் 929 கி.மீ., நேரம் 1 மணி 10 நிமிடம். உண்மையான தூரம் சுமார் 327 கி.மீ.தான்.

பிழை எங்கே என்று கையால் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். அட்சரேகை வித்தியாசம் 1.09 டிகிரி, அதாவது 121 கி.மீ. இது சரி. தீர்க்கரேகை வித்தியாசம் 8.3 டிகிரி. அதையும் டிகிரிக்கு 111 கி.மீ. என்று பெருக்கி 921 ஆக்கியிருக்கிறீர்கள். தீர்க்கரேகைக்கு 111 என்பது நிலநடுக்கோட்டில்தான் பொருந்தும். துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும், அதனால் 111-ஐ அட்சரேகையின் கொசைனால் (கோணத்துக்கான ஒரு கணித விகிதம்) பெருக்க வேண்டும். இந்த ஊர்கள் 70 டிகிரிக்கு மேலே இருக்கின்றன. சராசரி அட்சரேகையின் கொசைன் 0.33. ஆக ஒரு டிகிரி 37 கி.மீ.கூட இல்லை, 8.3 டிகிரிக்கு 304 கி.மீ.தான் வரும். உங்கள் சூத்திரப்படி வட துருவத்தில் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினால் 39,960 கி.மீ. நடந்ததாகிவிடும்!

சென்னை – பெங்களூருவை வைத்துச் சோதித்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. 13 டிகிரியில் கொசைன் 0.974, பிழை மூன்று சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

இதைவிட மோசம் நேரக் கணக்கு. 929-ஐ மணிக்கு 800 கி.மீ. என்ற ஜெட் வேகத்தால் வகுத்திருக்கிறீர்கள். மணிக்கு 300 கி.மீ. போகும் ஒற்றை எஞ்சின் டர்போபிராப்புக்கு (சுழல்விசிறியால் பறக்கும் சிறு விமானம்) 327 கி.மீ. பறக்க 65 நிமிடம். ஓடுபாதைக்கு உருண்டு போவது, மேலேறுவது, இறங்குவது என்று இன்னொரு பத்து நிமிடம். ஆக நேரம் கிட்டத்தட்ட சரியாக வந்துவிடுகிறது. ஒரு தப்பு இன்னொரு தப்பை மூடி மறைப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. தூரத்தை மட்டும் திருத்திவிட்டு வேகத்தை அப்படியே விட்டால் 25 நிமிடம் என்று காட்டும். அந்தத் தூரத்தை ஜெட்டால்கூட அந்த நேரத்தில் முடிக்க முடியாது. மணிக்கு 60 கி.மீ. எதிர்காற்று அடித்தால் அந்தச் சிறு விமானத்தின் 65 நிமிடம் 82 ஆகும். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் 55.

தூரம் தப்பானால் எரிபொருளும் தப்பும். உட்கியாக்விக்கில் மூடுபனி இறங்கி, தரையிறங்காமல் டெட்ஹார்ஸுக்கே திரும்ப வேண்டியிருந்தால் 654 கி.மீ.க்கும் அதற்கு மேல் கையிருப்புக்கும் எரிபொருள் வேண்டும். உங்கள் எண்ணை நம்பினால் 1,858 கி.மீ.க்கு நிரப்பச் சொல்வோம். சிறிய விமானத்தில் அந்த எடைக்கு ஈடாக ஆட்களைத்தான் இறக்க வேண்டியிருக்கும்.

தரைவழி என்று ஒரு கோட்டைப் போட்டிருப்பதையும் எடுத்துவிடுங்கள். டால்டன் நெடுஞ்சாலை டெட்ஹார்ஸோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து உட்கியாக்விக்குக்கு நிரந்தரச் சாலை கிடையாது. நேரடி விமானம் இல்லாத நாளில் ஆங்கரேஜ் வழியாகச் சுற்றினால் ஏறத்தாழ 2,170 கி.மீ. ஆகும். அதைத் தனி வரியில் காட்டுங்கள். உட்கியாக்விக்கை பேரோ என்ற பழைய பெயரில் தேடினாலும் ஊர் கிடைக்க வேண்டும். பெயர் 2016-இல் மாறினாலும் விமான நிலையக் குறியீடு பி.ஆர்.டபிள்யூ. (BRW) தான்.

பெருவட்டத் தூரச் சூத்திரம் (பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்து மிகக் குறுகிய தூரத்தைத் தருவது), விமான வகைக்கேற்ற வேகம், ஏற்ற இறக்கத்துக்கான நிலையான நிமிடங்கள் மூன்றையும் ஒரே திருத்தத்தில் சேர்த்து வெளியிடுங்கள். அதுவரை 60 டிகிரிக்கு வடக்கே உள்ள ஊர்களுக்குத் தூரம் காட்டுவதை நிறுத்தி வையுங்கள். இந்த மாதச் சந்தாவைத் திருப்பித் தரவும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பயணத் திட்டப் பிரிவு

இணைப்பு: திரைப்பதிவு 2, சந்தா ரசீது 1